அண்ணி பேருக்கு ஒரு செடி

என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு செடிக்காகச் சிவகாசி சுற்று வட்டாரம் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் வாயையும் சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டார்.

அண்ணன் விருதுநகரில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். நான் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானமும் சித்திரமும் எடுத்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. அண்ணி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் தன் பிள்ளையைப் பெறும்போது போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் பண்ணினோம்.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு அந்த எண்ணம் வந்தது. கல்லறைக்குக் கல் வைப்பது பற்றி நான் பேச்செடுத்தபோது, "கல்லு என்ன புள்ள கல்லு, வெயில்ல பொரிஞ்சு போயிரும்" என்றார். யாரும் இதுவரை பார்த்து எழுதாத ஒரு செடியைக் கண்டுபிடித்து, முறைப்படி விவரித்து அச்சில் கொண்டுவந்தால், அதற்கு ஒரு பேர் வைக்கலாம். அந்தப் பேரை அப்புறம் எந்த நாட்டுக்காரனும் அழிக்க முடியாது. அண்ணி பேரை அப்படி ஒரு செடிக்கு வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் உயிரோடு இருந்த நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்கியிருப்பாரா? ஆராதனை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு காடு மேடு என்று கிளம்பிவிடுவார். அவள் ஆக்கிவைத்த சோறு ஆறிக் கிடக்கும். செத்த பிறகு பேர் வைக்கப் போகிறாராம். நல்ல கூத்து! ஆனாலும் நான் அவர் கூடப் போனேன். காய்ந்த செடியைப் பார்த்து உயிருள்ளது போல வரைய எனக்கு வரும். தவிர, அவரைத் தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் காட்டைக் காடு என்று சொன்னால் மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். பாறை, முள், கள்ளி, கிளுவை, விடத்தேரை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் எல்லாம் செத்துக் கிடப்பது போலத்தான் இருக்கும். ஐப்பசியில் மழை விழுந்தால் ஒரு வாரத்தில் துளிர்த்து, அடுத்த வாரம் பூத்து, ஆடு கடித்தது போக மிச்சம் காய்த்து, மறுபடியும் குச்சியாகிவிடும். அந்த நேரத்தில் ஆள் அங்கே நிற்காவிட்டால் அப்படி ஒரு செடி இருப்பதே தெரியாது. அதனால்தான் அங்கே இன்னும் பேர் இல்லாத செடி கிடைக்கும் என்று அண்ணன் சொல்வார்.

கொண்டுவந்த செடிகளைத் தாளுக்கு நடுவே விரித்து, பலகை வைத்து இறுக்கிக் கட்டி உலர்த்துவோம். தாளுக்குச் சிவகாசியில் பஞ்சமே இல்லை. பிரஸ்காரர்கள் மை பிசகிய காலண்டர் தாளைக் கட்டுக் கட்டாகக் கழித்துப் போடுவார்கள். வழவழப்புத் தாள் ஈரம் உறிஞ்சாது என்று சொரசொரப்பான தாளாகப் பொறுக்கி எடுத்து வருவோம். உலர்ந்த செடியைப் பூச்சி அரிக்காமல் இருக்க, பாதரச உப்பைச் சாராயத்தில் கரைத்துத் தூரிகையால் பூச வேண்டும். கொடிய விஷம். உப்பைச் சிவகாசியில் பட்டாசுக்காரர்களுக்குச் சரக்கு விற்கும் ரசாயனக் கடையில்தான் அண்ணன் வாங்குவார்.

முதலில் அவர் ஒன்றும் ஒளிக்கிற ஆளாக இல்லை. அண்ணி இருந்தபோதே ஒரு சின்னப் படர்பூண்டைக் கண்டுபிடித்தார். வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்தார். எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டு, அண்ணி கையைப் புகழ்ந்துவிட்டு, "ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்" என்று பூண்டையும் வாங்கிக்கொண்டு போனார். பிறகு பார்த்தால் பூண்டு அவர் கண்டுபிடித்ததாக அச்சில் வந்துவிட்டது. பாவி மனுஷன், தின்ற சோறு செரித்திருக்குமா என்று நான் பலநாள் திட்டியிருக்கிறேன். அண்ணன் திட்டவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டார்.

செடி கிடைத்தது வெம்பக்கோட்டைக்கு மேற்கே ஒரு கரட்டில். கரடு என்றால் சின்னப் பாறைக் குன்று. அதன் ஒரு சரிவில் மட்டும், ஆள் உயரத்துக்கு, சாம்பல் நிறப் பட்டையோடு கொஞ்சம் புதர்கள் நின்றன. இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினது போல இருந்தது. பூ கடுகளவுதான். அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "இது என்னன்னு எனக்குத் தெரியல, புள்ள" என்றார். தன் வாயிலிருந்து அந்த வார்த்தை வராதா என்று எத்தனை வருஷமாய்க் காத்திருந்தாரோ.

வீட்டிலிருந்த புத்தகமெல்லாம் புரட்டினார். கோயம்புத்தூர் போய் அங்கே சேர்த்துவைத்திருக்கும் உலர்செடிகளோடு ஒப்பிட்டார். எதிலும் சேரவில்லை. ஆமணக்குக் குடும்பம் என்பது மட்டும் நிச்சயம். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. சில செடிகளில் ஆண் தனி, பெண் தனி. நாங்கள் கொண்டுவந்த கிளைகளெல்லாம் ஆண் பூ. பெண் செடியின் காயை அறுத்து, உள்ளே ஒவ்வோர் அறையிலும் ஒரு விதையா இரண்டு விதையா என்று பார்த்தால்தான் எந்தப் பிரிவில் வைப்பது, புதுசுதானா என்று தீர்மானமாகச் சொல்ல முடியும். இரண்டு என்றால் ஏற்கனவே பேர் உள்ள செடியாக இருக்கலாம்; ஒன்று என்றால் புதுசு. காய் இல்லாமல் பேர் வைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள். அவள் பேரை வைத்துச் சிரிக்க விடமாட்டேன் என்றார் அண்ணன்.

மறுபடி மறுபடி போனோம். பெண் செடி கண்ணில் படவில்லை. கரட்டின் பின்பக்கம் முள் அடைந்து எங்களால் ஏற முடியாத இடம் நிறைய. அதனால் அங்கே நடமாடுகிற ஆளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அடிவாரத்தில் கரிமூட்டம் போடுகிற ஒருவர் இருந்தார். விறகை அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே புகையவிட்டுக் கரியாக்குகிற வேலை. அண்ணன் ஒரு கிளையை எடுத்துக் காட்டினார்.

"இதே எலை, ஆனா காய் காய்ச்ச செடி எங்கயாச்சும் கண்டா எனக்குச் சொல்லி அனுப்புங்க."

"எதுக்குங்கய்யா இது?"

"அதெல்லாம் கேக்காதீக. யார்ட்டயும் மூச்சு விடவும் வேண்டாம்."

கரிக்காரர் கிளையை வாங்கிப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உடைத்து முகர்ந்து பார்த்தார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

சிவகாசிப் பக்கம் ரகசியம் என்றால் ஒரே ரகசியம்தான். பூச்சட்டி வாணம் எவ்வளவு உயரம் பொங்குகிறது, பொறி எத்தனை நேரம் நிற்கிறது என்பதெல்லாம் வெடியுப்புக்கும் கந்தகத்துக்கும் கூட எந்த மரத்துக் கரியைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கலவை. மருந்து கலக்குகிறவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் கலக்குவார்; பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார். அப்படிப்பட்ட ஊரில், படித்த ஆள் ஒருத்தர் ரசாயனக் கடையில் உப்பு வாங்குகிறார், காட்டில் ஒரு குச்சியைத் தேடுகிறார், எதுக்கு என்று கேட்டால் காது சிவக்கிறார். அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

ஒரு நாள் சாயந்தரம் அண்ணன் தம்பியாக இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சின்னப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர்கள். வியாபாரத்தைப் பார்ப்பது மூத்தவர். மருந்து கலக்குவது தம்பி. ஒரு சீப்புப் பழமும் மத்தாப்புப் பெட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். தம்பிக்காரருக்கு இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத அலுமினியத் தூள் அவர் புருவத்தில் மினுங்கியது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த என் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு நுணுக்கமா எப்படி டீச்சர் வரையிறீக?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

மூத்தவர் மழை, வெயில் எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சார் என்னமோ ஒரு குச்சி தேடுறீகளாமே?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லியே." காது சிவந்தது.

"இல்ல சார், தப்பா நினைக்காதீக. பெரிய கம்பெனி எதுக்கும் வாக்குக் குடுத்திருந்தீகன்னா சொல்லிருங்க, நாங்க ஒதுங்கிக்கிறோம். இல்லன்னா எங்களையும் கொஞ்சம் பாருங்க. சீசனுக்குப் புதுசா ஒரு சரக்கு இருந்தா நாங்க கரையேறிருவோம்."

"எந்தக் குச்சியும் இல்ல. உங்களுக்கு யார் சொன்னா? யார் அனுப்பினா உங்கள?"

பழத்தை அப்படியே வைத்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். அண்ணன் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பேராசிரியன் வேலைதான் இது. ஆள் விட்டு ஆழம் பாக்கான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அட என்னண்ணே! அவுக மூஞ்சியப் பாத்தா பேராசிரியர் அனுப்பின ஆளு மாதிரியா இருக்கு? பட்டாசுக்குக் கரி தேடுறாகண்ணே அவுக. இது வெறும் பேரு வைக்கிற செடின்னு உள்ளதச் சொல்லித் தொலைங்களேன்! வேணும்னா நான் போய்ச் சொல்லிட்டு வாறேன்."

"நீ வாயத் திறக்கக்கூடாது. அச்சுல வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. அவ பேரு மேல ஆணை." மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். செத்தவளை இழுத்து நடுவில் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் என்ன பேசுவது? பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஐப்பசி மழை பிந்திப் பெய்தது. பூத்துக் காய்க்கும் நாளைக் கணக்குப் பண்ணி, கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே கரட்டடியில் புகை தெரிந்தது. வழக்கத்தை விடப் பெரிய மூட்டம்.

கரிக்காரர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கய்யா, வாங்க! நீங்க தேடுன குச்சிக்கு இப்ப நல்ல கிராக்கி. கம்பெனிக்காரக ஆர்டர் குடுத்துட்டாக. சரிவுல நின்னது, பின்னால முள்ளுக்குள்ள நின்னது, அம்புட்டையும் எடுத்தாச்சு. வேர்க்கட்டையும் விடல. வேர்லதான கரி நல்லா விழும்!"

அண்ணன் அவரைத் தாண்டிப் போனார். சரிவில் ஏறினார். நான் பின்னால் போனேன். புதர்கள் நின்ற இடத்திலெல்லாம் குழி. மழைத்தண்ணீர் தேங்கிய குழி. தழையவிட ஒரு கட்டைகூட மிச்சமில்லை. அந்த ஆள்மேல் கோபப்படவும் முடியவில்லை; அவர் எங்களுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு நிற்கிறார்.

மூட்டத்துக்குப் பக்கத்தில், விறகிலிருந்து கழித்துப் போட்ட தழையும் மிலாறுக் குச்சிகளும் ஒரு போராகக் கிடந்தன. அண்ணன் இறங்கிவந்து அந்தப் போரைக் கிளற ஆரம்பித்தார். முள் கீறிக் கையெல்லாம் ரத்தம். ஒவ்வொரு கொப்பாக எடுத்துப் பார்த்து வீசினார். அப்புறம் ஒரு கொப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, முப்பட்டையாகக் காய். பையிலிருந்து பிளேடை எடுத்து ஒன்றைக் குறுக்கே அறுத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.

"ஒண்ணு! அறைக்கு ஒண்ணுதான்! ஏ புள்ள, இங்க வா, பாரு! புதுசுதான்! சத்தியமாப் புதுசுதான்!"

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. கரிக்காரரும் கூடச் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரையும் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. காய் கிடைத்துவிட்டது, இனி அண்ணிக்குப் பேர் நிச்சயம். அந்தப் பேரைத் தாங்குகிற செடி எங்களுக்கு எதிரே மண் மூட்டத்துக்குள் புகைந்துகொண்டிருந்தது.

"மிச்சமிருக்கிற காய்ல கொஞ்சத்த வெதைக்கு வைங்கண்ணே" என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். மற்றதெல்லாம் பலகைக்குள் போய், விஷம் பூசி, தாளில் ஒட்டியாயிற்று. என் பங்குக் காயை உடைத்துப் பார்த்தேன். முற்றவில்லை. உள்ளே பால் பதத்தில் சுருங்கிய விதைகள். இருந்தாலும் தகர டின்னில் கரட்டு மண்ணையே போட்டு விதைத்தேன். தினம் தண்ணீர் தெளித்தேன். புல்தான் முளைத்தது. அந்தக் கரட்டில் எங்களால் ஏற முடிந்த இடமெல்லாம் ஏறினோம், அக்கம்பக்கத்துக் கரடுகளையும் விடவில்லை. எங்கேயும் இல்லை.

அந்த வருஷம் பங்குனி வெயிலில், அந்தச் சின்னக் கம்பெனியில் தீப்பிடித்தது. மருந்து கலக்கிக்கொண்டிருந்த தம்பிக்காரர் கருகிப் போனார். மிஷன் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். சில நாள் கிடந்து அடங்கினார். அண்ணியோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி ஆராதனை முடிந்து கோவிலில் என்னிடம் சொன்னாள். சிவகாசிப் பக்கம் இது புதிய சேதி இல்லை. வெயில் காலத்தில் எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால், எந்தப் பக்கம் என்று நின்று காதுகொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிற ஊர். ஆனால் எனக்கு அந்தப் புருவம் கண்ணுக்குள் நின்றது. அண்ணனிடம் சொன்னேன். செடியின் விவரிப்பை லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தவர், "ஐயோ பாவம்" என்று தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். நான் அந்தக் காயின் குறுக்குவெட்டை வரைந்து முடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் அச்சில் வந்தது. என் படம் ஒரு முழுப் பக்கம். செடிப் பேரின் பின்பாதியில் அண்ணி பேர், லத்தீன் வால் ஒட்டி. அண்ணன் அதைக் கல்லறைக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தார். அன்று மட்டும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து, பகலில், மூத்தவர் வந்தார். எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்து, பாதி உடம்பாகியிருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

"சார், நான் தொழில விட்டுட்டேன். கம்பெனி இப்ப வேற ஆள் கையில. இனிமே உங்களுக்குப் போட்டியா வர மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். அந்தக் கரியோட எதச் சேக்கணும்?"

"எதச் சேக்கணும்னா?" என்று கேட்டார் அண்ணன்.

"வெறுங்கரி பொகையத்தான் செஞ்சது சார். பொறியே வரல. சார் ரசாயனக் கடையில என்னமோ உப்பு வாங்குறாக, அதுலதான் சூட்சுமம் இருக்குன்னு தம்பி சொன்னான். அதச் சேத்துப் பாத்தான். அதும் சரி வரல. படிச்ச மனுஷன் சும்மாவா அலைவாக, இதுல என்னமோ இருக்குண்ணே, இருக்குண்ணேன்னு ஒவ்வொண்ணாக் கூட்டிக் கொறச்சுக் கலக்கிட்டே இருந்தான். அன்னைக்கு எதச் சேத்தான்னு எனக்குத் தெரியல. சரியா எது சேக்கணும்னு சொல்லிட்டீகன்னா, அவன் கிட்டத்துல வந்தானா, தப்பாப் போனானான்னு தெரிஞ்சுட்டு நான் போயிருவேன்."

நான்தான் உள்ளே போய் அந்தப் பத்திரிகையை எடுத்துவந்து, பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதுக்குத்தாங்க தேடினது. கரிக்கு இல்ல. செடிக்குப் பேரு வைக்கிறதுக்கு."

"பேரு வச்சு?"

"அம்புட்டுதாங்க. அண்ணி இறந்து போனாக. அவுக பேர வச்சிருக்கு. இனிமே ஒலகத்துல எங்க எழுதினாலும் அந்தப் பேருதான்."

அவர் படத்தைப் பார்த்தார். விரலால் இலையைத் தடவினார். கத்துவார், அடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா, நானே நாலு ஆளப் போட்டு அந்தக் கரட்டக் காவல் காத்துக் குடுத்திருப்பேனே சார்" என்றார்.

அண்ணன் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தம்பிக்குக் கல்யாணங்கூட ஆகல. பேர் சொல்ல ஒரு புள்ள இல்ல. செடிக்கு மனுஷன் பேரு வைக்கலாம்னா, இதுக்கு அவன் பேரையும் சேத்துப் போட முடியுமா சார்?"

முடியாது. ஒரு தரம் அச்சேறிய பேரை வைத்தவரே நினைத்தாலும் மாற்ற முடியாது, சட்டம் அப்படி. அதற்காகத்தானே அண்ணன் ஆசைப்பட்டார். அதை அவரால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். ஜென்மத்தில் அதைப் போலக் கசந்த வார்த்தை நான் பேசியதில்லை.

அவர் தலையை ஆட்டினார். பத்திரிகையை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப அடுத்த செடி கண்டுபிடிச்சா அதுக்கு வைங்க சார்."

"வைக்கிறேன்" என்றார் அண்ணன்.

ரிட்டயராகும் வரைக்கும் கல்லூரிக்குப் போய் வந்தார். காட்டுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை.